உலையா, சாம்பலா, கணினியா? மாக்மா பாகுநிலையில் பிஎச்.டி. செய்ய நினைக்கிறவர்களுக்கு

"சார், எம்.எஸ்சி. ஜியாலஜி முடிச்சிட்டேன். எரிமலைதான் பண்ணணும்னு ஆசை. எந்தப் பக்கம் போறது?" என்ற கேள்வி எனக்குக் குப்பம், பலமனேர், நகரியிலிருந்து வருகிறது. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் வருகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கோ மலையாளமோ, புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள். கூப்பிட்டுக் கேட்க அண்ணனோ அக்காவோ இந்தத் துறையில் கிடையாது. கைடு என்ன சொல்கிறாரோ அதுவே விதி.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் மாக்மாவின் பாகுநிலை (உருகிய பாறை எவ்வளவு கெட்டியாக, ஓட மறுத்து நிற்கிறது என்பது), எரிமலைக் கண்ணாடி (படிகமாகாமல் உறைந்த உருகல்) பற்றி. இதற்குள் நுழைய மூன்று வாசல் இருக்கிறது. உலையில், அதாவது ஃபர்னஸில், பாறையை உருக்கி அளப்பது ஒன்று. இயற்கையில் சாம்பலாகக் கிடக்கும் எரிமலைக் கண்ணாடியைப் பொறுக்கிப் படிப்பது இன்னொன்று. மூன்றாவது, கணினியில் மாடல் போடுவது. மூன்றும் நல்லதுதான் என்று சொல்லி நழுவுகிறவர்கள் நிறைய. எனக்கு ஒரு கட்சி உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று பார்ப்போம்.

## எடைக்கற்கள்

எளிமையானவற்றை முதலில் முடித்துவிடலாம். சாம்பிளும் கருவியும் உங்கள் கைக்கு எட்டுமா? செலவு யார் தலையில் விழும்? ஐந்து வருஷம் கழித்து எந்த வேலைக்கு வழி திறக்கும்? சிஎஸ்ஐஆர்-நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் 42,000. மொத்தம் ஐந்து வருஷம். அதற்குமேல் இழுத்தால் வீட்டுக் காசு.

நான்காவது எடைக்கல்லைத்தான் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. உங்கள் ஆய்வுக் கேள்வி எந்த நேர அளவில் நடக்கிறது?

கொஞ்சம் விளக்குகிறேன். சிலிக்கேட் உருகலின் (உருகிய பாறையின்) பாகுநிலையை, அதன் விறைப்பான 10 ஜிகாபாஸ்கலால் வகுத்துப் பாருங்கள். கலைந்த அணுக்கட்டமைப்பு தன்னை மறுபடி சரிசெய்துகொள்ள அந்த உருகலுக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது வந்துவிடும். பாகுநிலை 10 பாஸ்கல்-செகண்ட் (அதுதான் பாகுநிலையின் அலகு) என்றால் ஒரு நானோசெகண்ட். 10¹² என்றால் 100 செகண்ட். உருகல் கண்ணாடியாக இறுகுவது ஏறக்குறைய இந்த இடத்தில். டொனால்ட் டிங்வெல், ஷரன் வெப் இருவரும் 1989-லேயே இதை எரிமலைக்குப் பொருத்திக் காட்டினார்கள். உருகல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகத்துக்கு அதை இழுத்தாலே போதும், திரவம் திடப்பொருள்போல நொறுங்கிவிடும். ஒரு எரிமலை அமைதியாக வழிவதும் சாம்பலாக வெடிப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தீர்மானமாகிறது.

இந்த ஒரு வகுத்தல் உங்களுக்கு வழியும் காட்டும். நானோசெகண்டில் நடப்பதைக் கணினி காட்டும். செகண்டிலிருந்து மணிக்கணக்கில் நடப்பதை ஃபர்னஸ் காட்டும். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் நடந்து உறைந்துபோனதைச் சொல்ல மண்ணில் கிடக்கும் கண்ணாடியால்தான் முடியும். "எனக்கு மாக்மா பிடிக்கும்" என்பது கேள்வி ஆகாது. வெடிப்பா, வழிதலா, குளிர்தலா, இதில் எது என்று ஒரு வரியில் எழுத வராதவரை கைடைத் தேடாதீர்கள்.

## உலை

மூன்றில் கம்பீரமானது இது. பிளாட்டினம்-ரோடியம் குவளையில் பாறைப்பொடியை 1,400, 1,500 டிகிரியில் உருக்கி, உள்ளே ஒரு தண்டை இறக்கிச் சுழற்றுவார்கள். தண்டைச் சுற்ற எவ்வளவு முறுக்கம் தேவைப்படுகிறதோ அதிலிருந்து பாகுநிலை. சூடான, ஓடும் உருகலுக்கு இது சரி. சுமார் 10⁵ பாஸ்கல்-செகண்ட் வரை அளக்கலாம். மறுமுனையில், கண்ணாடியாக இறுகியதைத் தட்டையாக நறுக்கி, மெல்லச் சூடாக்கி, மேலே ஒரு முனையை அழுத்தி எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அது 10⁹-க்கு அக்கம்பக்கத்தில் தொடங்கி 10¹² வரை.

நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கவனித்தீர்களா? 10⁵-க்கும் 10⁹-க்கும் இடையே அளவீடு அரிது. வெடிக்கிற மாக்மா பல நேரம் அங்கேதான் இருக்கிறது! அந்த வெப்பநிலையில் உருகல் சும்மா இருக்காது, படிகம் கட்டத் தொடங்கிவிடும். சித்தூர் மாவட்டத்தில் வெல்லம் காய்ச்சுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொப்பரையிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார்கள். ஒரு நிமிஷம் பிந்தினால் பாகு பூத்துவிடும், பிறகு நீங்கள் தொடுவது வேறு பொருள்.

அதைவிடச் சங்கடமானது, கண்ணுக்குத் தெரியாமல் பூப்பது. இரும்பு அதிகமுள்ள உருகலை அளந்துகொண்டிருக்கும்போதே நானோமீட்டர் அளவில் இரும்பு ஆக்சைடு படிகங்கள் முளைக்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரியும். ராமன் நிறமாலையில்தான் (லேசர் ஒளி சிதறுவதைப் பார்க்கும் முறை) மாட்டும். மிச்ச உருகலில் இரும்பு குறைந்து, சிலிக்காவின் பங்கு கூடி, பாகுநிலை ஏறிவிடும். டனிலோ டி ஜெனோவா குழுவினர் 2020-ல் இதை எரிமலை வெடிப்போடு சேர்த்துப் பேசியபிறகு, பழைய அளவீடுகள் பலவற்றைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். குவளையின் பிளாட்டினம் உருகலிலிருந்து இரும்பை உறிஞ்சிக்கொள்ளும். சாம்பிளின் கலவையும் மாறும், குவளையும் கெடும். திறந்த ஃபர்னஸில் நீர் நிற்காது, ஆவியாகிவிடும். நீருள்ள மாக்மாவை அளக்க வேண்டுமென்றால் உயரழுத்தக் கருவி வேண்டும், அது வைத்திருக்கும் இடங்கள் உலகத்திலேயே எண்ணிக்கையில் குறைவு. ஜெர்மனியில் மியூனிக், பைராய்ட், பிரான்ஸில் கிளேர்மான்-ஃபெரான், ஓர்லியான் என்று பட்டியல் சின்னது. அங்கே இடம் கிடைத்தாலும் முதல் வருஷம் கருவியைப் பழகுவதிலேயே போகும். வெளிநாட்டுக் குழுவில் சேர்கிற நம் பிள்ளை மொழி, குளிர், சாப்பாடு எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு, உடைந்த தெர்மோகப்பிளையும் (உலையின் வெப்பம் அளக்கும் கம்பி) சமாளிக்க வேண்டும்.

ஆனாலும் உலை கொடுக்கும் விடையை வேறெதுவும் கொடுக்காது. சிலியின் சைத்தேன் எரிமலை 2008 மே மாதம் ஏறக்குறைய முன்னறிவிப்பே இல்லாமல் வெடித்தது. வெளிவந்தது ரையோலைட், சிலிக்கா மிகுந்த மாக்மா, பிசுபிசுப்பில் தலைசிறந்த ரகம். இவ்வளவு கெட்டியான மாக்மா எப்படி இவ்வளவு சீக்கிரம் மேலே வந்தது? ஜொனதன் காஸ்ட்ரோவும் டிங்வெல்லும் அந்தப் பாறையை ஆய்வகத்தில் மறுபடி சூடாக்கி, அழுத்தி, படிகங்களின் ஓரம் எவ்வளவு நேரத்தில் எப்படி மாறுகிறது என்று பார்த்து, 5 கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து அது சுமார் நான்கு மணி நேரத்தில் ஏறியிருக்கிறது என்று 2009-ல் சொன்னார்கள். நான்கு மணி நேரம் என்பது ஓர் ஊரைக் காலி செய்யக்கூடப் போதாது. இந்த மாதிரிக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதென்றால் உலைதான் உங்கள் வழி. மற்ற இரண்டையும் யோசிக்காதீர்கள்.

## சாம்பல்

எரிமலைக் கண்ணாடி என்றதும் ஐஸ்லாந்து, ஹவாய் என்று நினைக்கிறோம். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்திராவில் நந்தியால் மாவட்டம் (2022 வரை கர்னூல்), பனகானபல்லிக்கு அருகே ஜுவாலாபுரம். சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே இரண்டு மீட்டருக்கும் கூடுதலான தடிமனில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்ததால் தொல்லியலார்கள் 2007-லிருந்து அதை உலகறியச் செய்துவிட்டார்கள். ஜியாலஜிக்காரர்களுக்கு அது மலிவு விலையில் ரையோலைட் கண்ணாடி.

ஒரு சிட்டிகை எடுத்துக் கழுவி, எண்ணெயில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். உடைந்த குமிழியின் சுவர்கள் நிறமில்லாமல், வளைந்து, சில இடத்தில் மூன்று குமிழி சேர்ந்த சந்தியோடு, மூன்று கிளையாகத் தெரியும். இரண்டு போலராய்டையும் குறுக்கே போட்டதும் அத்தனையும் கருத்துப்போகும். மேடையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் வராது. கண்ணாடி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நடுவே மினுக்கென்று ஏதாவது பளிச்சிட்டால் அது ஃபெல்ட்ஸ்பாரோ குவார்ட்ஸோ. இந்த அனுபவத்துக்கு ஆகும் செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்பும்தான்.

இப்போது கசப்பு. முதலாவது, அந்த இரண்டு மீட்டரும் வானத்திலிருந்து விழுந்தது அல்ல. நேரே விழுந்தது அடியில் சில சென்டிமீட்டர். மீதி சுற்றுப்புறச் சரிவுகளிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்து சேர்த்தது, களிமண்ணோடு. சாம்பிள் எடுக்கும் இடத்தில் தப்பினால் பிறகு எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. தொல்லியல் இடம் என்பதால் அனுமதி இல்லாமல் மண்வெட்டியோடு இறங்கவும் கூடாது.

இரண்டாவது நீர். இதில்தான் நிறைய ஆய்வறிக்கைகள் வழுக்குகின்றன. ரையோலைட்டுக்கு ஹெஸ்சும் டிங்வெல்லும் 1996-ல் கொடுத்த சமன்பாட்டை ஓர் எக்செல் தாளில் போட்டு 800 டிகிரிக்குக் கணக்கிட்டேன். நீர் 0.1 சதவீதம் என்றால் பாகுநிலை 10-இன் 10.4 அடுக்கு, 1 சதவீதம் என்றால் 7.4 அடுக்கு, 4 சதவீதம் என்றால் 5.2 அடுக்கு. துளி நீருக்கு ஆயிரம் மடங்கு மாற்றம். சரி, உங்கள் சாம்பலில் இன்றைக்கு 3 சதவீத நீர் இருக்கிறது என்று அளந்துவிட்டீர்கள். அதில் மாக்மாவின் நீர் எவ்வளவு, 74,000 வருஷ மழைக்காலங்களில் மண்ணிலிருந்து ஊறிச் சேர்ந்தது எவ்வளவு? உண்மையில் மாக்மாவில் இருந்தது 1 சதவீதம்தான் என்றால், உங்கள் விடை ஐம்பது மடங்கு பிசகு.

பிரிக்க வழி உண்டு. மாக்மாவில் கரைந்த நீரில் ஒரு பங்கு ஹைட்ராக்சிலாகக் கட்டுண்டிருக்கும். பின்னால் ஊறியது பெரும்பாலும் முழு நீர் மூலக்கூறாகவே நிற்கும். அகச்சிவப்பு நிறமாலையில் இரண்டும் வேறு வேறு இடத்தில் தெரியும். இன்னும் நம்பகமானது, குவார்ட்ஸ் படிகத்துக்குள் மாட்டிக்கொண்ட உருகல் துளிகளைத் தேடுவது. இரண்டுக்கும் வேறொரு ஆய்வகத்தின் தயவு வேண்டும். எலக்ட்ரான் கற்றையால் கலவையை அளக்கும் மைக்ரோப்ரோபும் அப்படித்தான், அதில் இன்னொரு கண்ணி, எலக்ட்ரான் கற்றையைக் குவித்து வைத்தால் கண்ணாடியிலிருக்கும் சோடியம் நகர்ந்து ஓடிவிடும், அளவு குறைத்துக் காட்டும். கற்றையை அகலமாக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆபரேட்டர் தாதுவுக்கு வைக்கிற அளவிலேயே வைத்து ஓட்டிவிடுவார், பில்லும் போட்டுவிடுவார்.

மூன்றாவது, இந்தத் துகள்களை நேரடியாக அழுத்தியோ சுழற்றியோ அளக்க முடியாது, அவ்வளவு பொடி. அதே கலவையில் ஆக்சைடுகளைச் சேர்த்துச் செயற்கைக் கண்ணாடி உருக்க வேண்டும். 77 சதவீதம் சிலிக்கா உள்ள உருகல் 1,600 டிகிரியிலும் அசையாமல் குமிழியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பொடித்து, உருக்கி, மறுபடி பொடித்து என்று பொறுமையைச் சோதிக்கும். ஆக, சாம்பல் வழி கடைசியில் உலை வாசலுக்கே கொண்டுவந்து விடும்.

குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பார்கள், "நம்ம ஊர்லயே கருப்பு கிரானைட் குவாரி இருக்கே சார்?" வியாபாரத்தில்தான் அது கிரானைட். பாறை டோலரைட், பழைய மாக்மா பிளவில் ஓடி உறைந்த சுவர், அதைத்தான் டைக் என்கிறோம். குவாரியில் வெட்டிய முகத்தில் டைக்கின் ஓரத்தைப் பார்த்தால், சுற்றுப்பாறையைத் தொட்ட இடத்தில் மணியே தெரியாத மைக்கருப்பு. உள்ளே போகப் போக மணி பெரிதாகும். குளிர்ந்த வேகம் அப்படியே எழுதியிருக்கும். ஆனால் இந்தக் கிழக்கு-மேற்கு டைக்குகள் பலவற்றின் வயது 237 கோடி ஆண்டு. ஓரத்தில் எப்போதாவது கண்ணாடி இருந்திருந்தாலும் அது என்றைக்கோ படிகமாகிவிட்டது. அட்டப்பாடி அகளிப் பக்கத்து டைக்குகளும் அதே கதை. களப்பயிற்சிக்கு அருமை, பாகுநிலை ஆய்வுக்கு உதவாது. அந்தமானின் பேரன் (Barren) தீவு எரிமலை இளசுதான்; ஆனால் அங்கே இறங்க அனுமதி வாங்கும் நேரத்தில் பாதி ஃபெலோஷிப் கரைந்துவிடும்.

## கணினி

"லேப்டாப் போதும் சார், செலவே இல்லை." இந்த வரியைக் கேட்டாலே எனக்குப் பயம்.

ஜியோர்டானோ, ரசல், டிங்வெல் மூவரும் 2008-ல் கொடுத்த மாடல் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. கலவையும் வெப்பநிலையும் கொடுத்தால் பாகுநிலை வரும். 1,770-க்கும் அதிகமான அளவீடுகளின்மேல் நிற்கும் மாடல் அது. நல்ல மாடல். அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதைப் பயன்படுத்துவது மட்டுமே பிஎச்.டி. ஆகாது. அந்த அளவீடுகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றனவோ அங்கே நம்பலாம். நடுப்பள்ளத்தில் அது இரண்டு கரையையும் இணைத்துப் போட்ட பாலம் மட்டுமே. படிகமும் குமிழியும் கலந்த நிஜ மாக்மாவுக்கு அது உருகலின் பங்கை மட்டும் சொல்லும்.

அணுக்கள் ஒவ்வொன்றின் நகர்வையும் கணக்கிடும் மூலக்கூறு இயக்கச் சிமுலேஷன் என்றால் இன்னும் சுவாரசியம். ஆனால் மேலே சொன்ன வகுத்தலை நினைவில் வையுங்கள். கணினி ஓட்ட முடிவது நானோசெகண்டுகள். அதனால் இரண்டாயிரம் கெல்வினுக்கு மேற்பட்ட, தண்ணியாக ஓடும் உருகல்தான் அதற்கு எட்டும். பூமியின் ஆழம், ஆதிகால மாக்மாக் கடல் போன்ற கேள்விகளுக்கு இது பொருத்தம். டோபா மாதிரி 10⁶ பாஸ்கல்-செகண்ட் ரையோலைட்டைச் சிமுலேட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மெஷின் லேர்னிங் புதிய வாசல். பிரான்ஸில் ஐ-மெல்ட் என்ற மாடல் இருக்கிறது, டெல்லி ஐஐடியில் கண்ணாடிக் கலவைகளுக்கு நன்றாகவே செய்கிறார்கள். இதற்கு உங்களிடம் கணக்கும் புரோகிராமிங்கும் ஏற்கெனவே இருக்க வேண்டும். சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்றால் இரண்டு வருஷம் போய்விடும், அதுதான் இதன் மறைவான விலை.

வேலை வாய்ப்பில் மட்டும் இது மற்ற இரண்டையும் அடித்துவிடும். பெங்களூரு ரயில் குப்பத்தில் நிற்கிறது, வேறென்ன சொல்ல.

## ஒரே பார்வையில்

| | உலை | சாம்பல் | கணினி |
|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | வெடிப்பு, ஏறும் வேகம், நடுப்பள்ளம் | பழைய வெடிப்பின் கலவை, நீர், குளிர்வு | மிகச் சூடான உருகல், புதிய கலவைகளின் கணிப்பு |
| சாம்பிள் | கிராம் கணக்கில் செய்துகொள்ள வேண்டும் | கைக்கு எட்டும், சுத்தம் சந்தேகம் | பிறர் அளந்த எண்கள் |
| மறைவான செலவு | பிளாட்டினம், உயரழுத்தக் கருவி, பழகும் காலம் | மைக்ரோப்ரோப், நிறமாலை, அனுமதி | முன்பே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு |
| தனியாகச் செய்ய முடியுமா | முடியாது | பாதி வரை | முடியும், ஆனால் ஆபத்து |
| பிறகு | கண்ணாடித் தொழில், வெளிநாட்டு ஆய்வு | ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்), கல்லூரி | டேட்டா வேலைகள் |

கண்ணாடித் தொழில் என்று போட்டதற்கு ஒரு வார்த்தை. ஜன்னல் கண்ணாடிக்காரர்களும் இதே வளைவைத்தான் வரைகிறார்கள். வேலை செய்யும் பதம் 10³ பாஸ்கல்-செகண்ட், மென்மையாகும் புள்ளி 10-இன் 6.6 அடுக்கு, ஆற்றிப் பதப்படுத்துவது 10¹². கல்பாக்கத்தில் அணுக்கழிவைப் போரோசிலிக்கேட் கண்ணாடியில் அடைப்பதும் பாகுநிலைக் கணக்குதான். எரிமலை கிடைக்காவிட்டால் இந்தக் கதவும் திறந்திருக்கிறது. பல பேர் இதைக் கேவலமாக நினைக்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

## யாருக்கு எது

இந்தியாவிலேயே, திருப்பதி, திருவனந்தபுரம், ஹைதராபாத் என்று கைக்கெட்டும் தூரத்தில் சேரப்போகிறவருக்கு நான் சாம்பலைத்தான் சொல்வேன், ஒரு சேர்மானத்தோடு. கெமிஸ்ட்ரி, பாலிமர் துறைகளில் டிஎஸ்சி என்று, சூடாக்கும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் ஒரு கலோரிமீட்டர் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அதற்குச் சில பத்து மில்லிகிராம் கண்ணாடி போதும். நிமிஷத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்கினால், கண்ணாடி நெகிழும் இடம் வரைபடத்தில் ஒரு மேடாகத் தெரியும். அங்கே பாகுநிலை 10¹¹, 10¹² வட்டாரத்தில் இருக்கும் என்பது தெரிந்த விஷயம். கலவை தெரியும், நீர் தெரியும், ஒரு புள்ளியில் பாகுநிலையும் தெரிந்துவிட்டது. அதை 2008 மாடலோடு ஒப்பிட்டு, எங்கே விலகுகிறது என்று காட்டினாலே நல்ல இரண்டு கட்டுரை வரும். உலை வைத்திருக்கும் குழுவுக்கு எழுதி ஆறு மாத விசிட் கேட்க அந்தக் கட்டுரைகளே சீட்டு. இரும்பு மிகுந்த கண்ணாடியாக இருந்தால் டிஎஸ்சியில் சூடாக்கும்போதே நானோ படிகம் முளைக்கும். ராமன் பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

வீட்டுச் சுமை இல்லாதவர், ஆங்கிலத்தில் எழுதத் தயங்காதவர், ஒரு கருவியோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டும் குணமுள்ளவர் நேராக உலைக்கே விண்ணப்பிக்கலாம். பி.எஸ்சி.யில் பிசிக்ஸோ கணக்கோ படித்துவிட்டு ஜியாலஜிக்கு வந்தவருக்குக் கணினி. அரசு வேலைதான் குறி என்றால் வேறு கணக்கு: யூபிஎஸ்சி ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 32, ஓபிசிக்கு மூன்றும் எஸ்சி, எஸ்டிக்கு ஐந்தும் தளர்வு. இருபத்தி ஏழில் பிஎச்.டி. தொடங்கி, முடித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தால் வரம்பு முந்திக்கொள்ளும். தேர்வை நடுவிலேயே எழுதுங்கள், கைடு முறைத்தாலும்.

சேருவதற்கு முன் கைடிடம் மூன்று விஷயம் நேரில் கேளுங்கள், போனில் வேண்டாம். மைக்ரோப்ரோப் மணிக்கட்டணம் புராஜெக்ட் கணக்கிலா என் கணக்கிலா? உங்களிடம் கடைசியாக முடித்தவர் எத்தனை வருஷத்தில் முடித்தார், அவர் நம்பர் கிடைக்குமா? டிஎஸ்சி, ராமன் எந்தத் துறையில் இருக்கிறது, வாரத்தில் எந்த நாள் நமக்கு? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்பா" என்று பதில் வந்தால், அடுத்த கைடின் வாசலுக்குப் போங்கள்.